வேட்டை ரைஃபிள் எத்தனை கிலோ இருக்கணும்? மருமகனுக்குச் சொன்னது

போன அக்டோபரில் அக்காதான் போன் போட்டாள். "தம்பி, இவன் நெத்தியில கட்டுப் போட்டுக்கிட்டு நிக்கான். என்னலேன்னு கேட்டா ஒண்ணுமில்லம்மாங்கான். நீ கேட்டாத்தான் சொல்லுவான்" என்றாள்.

மருமகன் நியூசிலாந்தில் கிரைஸ்ட்சர்ச் பக்கம் மின்வேலை பார்க்கிறான். விசாரித்தால் விஷயம் இதுதான்: கூட வேலை பார்ப்பவரோடு மான் வேட்டைக்குப் போயிருக்கிறான். அவர் தன் ரைஃபிளைக் கொடுத்து ஒரு தடவை சுட்டுப் பார் என்றிருக்கிறார். அது .300 வின்செஸ்டர் மேக்னம் என்கிற பலமான தோட்டாவைச் சுடுவது. குறி பார்க்கிற தொலைநோக்கியான ஸ்கோப்பையும் சேர்த்து 3.3 கிலோதான். சுட்ட வேகத்தில் ஸ்கோப்பின் விளிம்பு வலது புருவத்தில் அரைவட்டமாக இறங்கிவிட்டது. மூன்று தையல். "மாமா, நானே ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். லைசென்ஸுக்கும் எழுதிட்டேன். எத்தன கிலோவுல வாங்கட்டும்?" என்று கேட்டான்.

நான் 1981-இல் நம் நீலகிரி வெலிங்டனில், ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தவன். ஹவில்தாராக வெளியே வந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ரைஃபிளைத் தோளில் போட்டு நடந்திருக்கிறேன். அதனால் அவனுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். அவனைப் போல வெளிநாட்டுக்குப் போன நம்ம பக்கத்துப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே, நம் மலையடிவாரத்தில், இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 1991-இல் செய்த திருத்தத்தோடு உரிமம் வாங்கிக்கொண்டு வேட்டையாடும் வழக்கமும் முடிந்துபோனது. களக்காடு முண்டந்துறை 1988-லிருந்து புலிகள் காப்பகம். வரையாடு நம் மாநில விலங்கு. அதன் மேல் கை வைக்க யாருக்கும் உரிமை கிடையாது, நானும் அதை மனதார ஏற்கிறேன். நியூசிலாந்தின் கதை வேறு. வௌவாலைத் தவிர அந்த மண்ணுக்கே உரிய தரைவாழ் பாலூட்டி அங்கே கிடையாது. வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுபோய் விட்ட மான் பெருகிக் காட்டை மேய்ந்து தீர்க்கிறது. அதனால் உரிமமும் அனுமதிச் சீட்டும் வைத்திருப்பவர்கள் சுட்டு, இறைச்சியை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். நம் வரையாட்டுக்கு உறவுமுறையான இமயமலைத் தார் ஆட்டைக்கூட 1904-இல் அங்கே கொண்டுபோய் விட்டு, இன்றைக்கு எண்ணிக்கையைக் குறைக்கப் பாடுபடுகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பட்டறைக்குப் போய் ஒரு அருவாள் அடித்துத் தாருங்கள் என்றால் ஆசாரி கேட்கிற முதல் கேள்வி, "வாழைக்கா, உடைக்கா?" என்பதுதான். வாழைக்குலை வெட்டுகிற அருவாளைக் கொண்டு உடைமரத்தை வெட்டினால் கை அதிர்ந்து மணிக்கட்டு வலிக்கும். உடைமரத்து அருவாளோடு வாழைத் தோட்டத்தில் நாளெல்லாம் நின்றால் தோள்பட்டை போய்விடும். ரைஃபிளும் அப்படித்தான். என்ன தோட்டா, எவ்வளவு நடை, எவ்வளவு தூரத்தில் சுடுவாய் என்று தெரியாமல் கிலோவைச் சொல்ல முடியாது. இதில் தோட்டாவைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். கடைக்குப் போகிற பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் துப்பாக்கியின் அழகைப் பார்த்துவிட்டுத் தோட்டாவைப் பின்னால் யோசிக்கிறார்கள்.

தோட்டாவுக்கும் கனத்துக்கும் உள்ள கணக்கு எளிது. குண்டும் எரிந்த மருந்தின் புகையும் எவ்வளவு உந்துதலோடு முன்னால் போகிறதோ, அதே உந்துதல் ரைஃபிளைப் பின்னால் தள்ளும். ரைஃபிள் கனமாக இருந்தால் மெதுவாக வரும், லேசாக இருந்தால் வேகமாக வந்து இடிக்கும். .308 வின்செஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண 150 கிரெயின் (ஏறக்குறைய 10 கிராம்) குண்டு போட்டால் 4 கிலோ ரைஃபிளில் உதையின் ஆற்றல் ஏறக்குறைய 18 ஜூல். அதே தோட்டாவை 3 கிலோ ரைஃபிளில் போட்டால் 24 ஜூலுக்கு ஏறிவிடும். மருமகன் சுட்ட அந்த மேக்னம் 3.3 கிலோவில் 40 ஜூலுக்கு மேல் உதைத்திருக்கும். ரைஃபிள் பின்னால் வந்த வேகம் நொடிக்கு 5 மீட்டர். 4 கிலோ .308 என்றால் 3 மீட்டர்தான் வரும். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவே இருப்பது நாலு விரற்கடை இடம். முதல்முறை சுடுகிறவன் முகத்தை முன்னால் நீட்டி அதையும் குறைத்துக்கொள்கிறான். 5 மீட்டர் வேகத்துக்கு அந்த இடம் எம்மாத்திரம்?

என்ன தோட்டா வேண்டும் என்று கேட்டேன். அங்கே சிவப்பு மானுக்கு .308, 6.5 கிரீட்மூர் இரண்டுமே போதும் என்று எல்லோரும் சொன்னார்களாம். 6.5 கிரீட்மூர் அதே கனத்தில் .308-ஐவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் உதைக்கும். .243 இன்னும் லேசு. "மேக்னம் எதுக்குலே ஒனக்கு?" என்றேன். முந்நூறு மீட்டருக்கு மேல் சுடமாட்டேன் என்பவனுக்கு அந்த உதையும் தேவையில்லை, அதைத் தாங்குவதற்காக 4 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டியதும் இல்லை. .308 என்று முடிவானது. எனக்கும் அதில் ஒரு ஒட்டுதல் உண்டு. பட்டாளத்தில் நான் சுமந்த எஸ்.எல்.ஆர். ரைஃபிள் சுடுகிற 7.62 தோட்டாவும் இதுவும் ஏறக்குறைய ஒரே உருவம்.

எஸ்.எல்.ஆர். வெறும் ரைஃபிளே 4 கிலோவுக்கு மேல். 20 ரவுண்டு மேகசின் போட்டால் 5 கிலோவைத் தொடும். சுடும்போது அந்தக் கனம் தெய்வம். குப்புறப் படுத்து வரிசையாகச் சுட்டாலும் தோள் நோகாது. நடக்கும்போதுதான் அதன் இன்னொரு முகம் தெரியும். முதல் 5 கிலோமீட்டர் வரைக்கும் ரைஃபிள் இருக்கிற நினைப்பே வராது. பத்தைத் தாண்டினால் ஸ்லிங் என்கிற தோள்வார் காரை எலும்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பதினைந்தில் வலது தோளா இடது தோளா என்று மாற்றிக்கொண்டே வருவோம். அந்த நேரத்தில் திடீரென்று "பொசிஷன்" என்று சத்தம் வந்தால், கை ரைஃபிளைத் தூக்கும், ஆனால் முனை எங்கே நிற்கிறது என்று பார்க்கிற பொறுமை உடம்பில் இருக்காது. இது பட்டவனுக்குத்தான் தெரியும்.

இதற்கு மறுபக்கமும் என்னிடம் உண்டு. அம்பாசமுத்திரத்தில் படிக்கும்போது என்.சி.சி.யில் .303 சுடக் கொடுத்தார்கள். எனக்கு வயது 15, உடம்பு 40 கிலோகூட இருக்காது. அந்த ரைஃபிளின் பட்டில், அதாவது தோளில் பதிகிற பின்கட்டையில், பித்தளைத் தகடு. அதைத் தோளில் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று சொன்னார்கள், நானோ பயந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். ஐந்து ரவுண்டு. மறுநாள் தோளில் கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. ஆச்சி நல்லெண்ணெய் தடவிவிட்டாள். அதற்குப் பிறகு ட்ரிக்கரைத் தொடும்போதெல்லாம் கண் தானாக மூடிக்கொண்டது. அந்தப் பழக்கம் போக வெலிங்டனில் ஒரு உஸ்தாத், பயிற்சி கொடுக்கிறவர், இரண்டு மாதம் பாடுபட்டார். உதைக்குப் பயந்து கண் சிமிட்டுகிறவன் சுட்டால் மானுக்கு வயிற்றில் படும். அது காட்டுக்குள் ஓடி இரண்டு நாள் கிடந்து சாகும். லேசான ரைஃபிள் மேல் ஆசைப்படுகிற எல்லோருக்கும் இதை நான் அழுத்தி அழுத்திச் சொல்கிறேன்.

இனி, உனக்கு எத்தனை கிலோ என்பதை நீயே கண்டுபிடிக்கிற வழி. மருமகன் பொங்கலுக்கு வந்திருந்தான். நாலு நாள் எங்கள் ஊர்ப் பொத்தையில், அந்தச் சின்னக் குன்றில், இதைச் செய்து பார்த்தோம்.

வீடு கட்டி மிச்சம் கிடந்த 2 இஞ்ச் பி.வி.சி. குழாயில் மூன்றரை அடி வெட்டினேன். வேட்டை ரைஃபிளின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். இரண்டு பக்கமும் மூடி. எம்-சாண்டைச் சின்னச் சின்ன பாலிதீன் கவரில் கால் கால் கிலோவாகக் கட்டிக்கொண்டோம். பலசரக்குக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து எடை பார்த்தோம். குழாய்க்குள் கவர்களைத் திணித்து, ஆடாமல் இருக்க நடுவே பழைய துணியை அடைத்தோம். கவர்களை நடுவுக்கும் பின்பக்கத்துக்குமாக வைக்க வேண்டும். ரைஃபிளின் பாரம் அங்கேதான் இருக்கும். இரண்டு முனையிலும் கயிறு கட்டி அகலத் துணி வாரை மாட்டினால் ஸ்லிங் ஆயிற்று. முன்முனையில் எம்-சீல் வைத்து ஒரு தீக்குச்சியை நட்டேன். பின்னால் அதே எம்-சீலில் ஆங்கில 'V' போல ஒரு பள்ளம். பார்வைக்கு அது போதும். தெருவில் எடுத்துப் போகும்போது சாக்கில் சுற்றிக்கொள்ளுங்கள். பார்க்கிறவர்களைப் பயமுறுத்தக் கூடாது.

பொத்தை மேலே ஒரு மொட்டைப் பாறை. அதில் சாக்கட்டியால் 2 சென்டிமீட்டர் வட்டம் ஒன்று போட்டேன். பத்து மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அது 100 மீட்டரில் 20 சென்டிமீட்டர் வட்டத்துக்குச் சமம். மானின் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுக்கூட்டில் குண்டு பட வேண்டிய இடம் ஒரு டிபன் தட்டு அளவுதான், அந்த அளவுதான் இது.

விடிகாலையில் அடிவாரத்திலிருந்து ஏறினோம். இருபது நிமிஷ ஏற்றம், உச்சி வரை நிற்காமல். மேலே போனதும் மூச்சு வாங்குவதற்கு முப்பது எண்ணுகிற நேரம் மட்டும். பிறகு நின்றபடி குழாயைத் தூக்கி, எட்டு நொடி தீக்குச்சியின் தலையை வட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். வெளியே போகும்போதெல்லாம் அவனே "போச்சு" என்று சொல்ல வேண்டும். நான் பாறையில் கோடு போட்டேன். மூன்று முறை செய்து நடுவே வந்ததை எடுத்துக்கொண்டோம்.

முதல் நாள் 4.6 கிலோ. ஏறும்போது ஆறு தடவை தோள் மாற்றினான். மேலே போய் நாலு நொடி வரைக்கும் குழாய் பாறையில் ஒட்டினாற்போல நின்றது. அப்புறம் முழங்கை நடுங்க ஆரம்பித்து, எட்டு நொடிக்குள் ஐந்து "போச்சு". மறுநாள் 3.1 கிலோ. ஆட்டுக்குட்டி மாதிரி ஏறினான். ஆனால் தூக்கின நொடியிலிருந்து தீக்குச்சி வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. "மாமா, நெஞ்சு அடிக்கது குழாயில தெரியுது" என்றான். ஏழு "போச்சு". மூன்றாம் நாள் 4.1, நாலு. கடைசி நாள் 3.8, மூன்று. தோள் இரண்டே தடவை மாற்றினான்.

இந்த 3.8 அவனுடைய உடம்புக்கு. அவன் 62 கிலோ, ஐந்தடி ஆறு அங்குலம். வயல்வேலை பார்த்த கையுடையவனுக்கு 4.2 வரலாம். மெலிந்த பெண்பிள்ளைக்கு 3.4 வரலாம், அப்போது தோட்டாவையும் 6.5 கிரீட்மூருக்கோ .243-க்கோ இறக்கிவிட வேண்டும். மேலே ஏறாமல் புல்வெளி ஓரத்தில் உட்கார்ந்து காத்திருக்கிற வேட்டை என்றால் 4.5-க்கு மேலும் தாராளமாகப் போகலாம், சுமக்கிற வேலையே இல்லை. அடர்ந்த புதருக்குள் ஐம்பது அறுபது மீட்டரில் சட்டென்று தூக்கிச் சுடுகிற வேட்டைக்கு நான் 3.5-ஐ ஒட்டிச் சொல்வேன். .308-க்கு முழுக் கனம் 3.3-க்குக் கீழே போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எவ்வளவு பழகியவனாக இருந்தாலும் சரி.

"முழுக் கனம்" என்று சொன்னேன். இங்கேதான் காசு கொடுத்து ஏமாறுகிறார்கள். கேட்லாகில் போட்டிருப்பது வெறும் ரைஃபிளின் கனம். ஸ்கோப் 450 கிராம், அதைப் பிடிக்கிற வளையம் 120, ஸ்லிங் 150, உள்ளே நாலு ரவுண்டு 100. அங்கே சத்தம் குறைக்கிற சப்ரெஸ்ஸர் மாட்டுவது சட்டப்படி சரி, வழக்கமும்கூட. அது ஒரு 350. கூட்டினால் 1.17 கிலோ. 3.8 வேண்டுமென்று 3.8 கிலோ ரைஃபிளை வாங்கினால் கையில் 5 கிலோ எஸ்.எல்.ஆர். வந்து நிற்கும். அதனால் பின்னாலிருந்து கழித்துக்கொண்டு போக வேண்டும். மருமகனுக்கு 2.6 கிலோ ரைஃபிள் என்று கணக்கு வந்தது. கூட்டினால் 3.77. சப்ரெஸ்ஸர் உதையையும் கணிசமாகக் குறைக்கும் என்பதால் அதன் 350 கிராமைக் கொடுப்பதில் எனக்குச் சம்மதம். கால்தாங்கி வேண்டாம் என்றேன். அதுவும் முந்நூறு நானூறு கிராம் வரும், அவன் வேட்டைக்கு முதுகுப்பையைக் கீழே போட்டு அதன் மேல் வைத்துச் சுட்டாலே போதும்.

கனம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம்ம வெட்டருவாளுக்கு மூக்கில் கனம் வேண்டும், வீச்சுக்கு அதுதான் பலம். ரைஃபிளில் முனை கொஞ்சம் கனமாக இருந்தால் நின்று சுடும்போது அலையாது, ரொம்பக் கனமானால் இடது கை சீக்கிரம் சோர்ந்துவிடும். கடையில் ரைஃபிள் காலி என்று முதலில் கடைக்காரர் திறந்து காட்ட வேண்டும், பிறகு நீயும் பார்க்க வேண்டும், விரலை விட்டும் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் ஸ்கோப்போடு ஆள்காட்டி விரல் மேல் படுக்க வைத்துப் பார். ட்ரிக்கர் வளையத்துக்கு நாலைந்து விரற்கடை முன்னால் சமநிலை நின்றால் நல்லது. சப்ரெஸ்ஸர் மாட்டுகிறவர்கள் 24 அங்குல பேரலை எடுத்தால் முனை தொங்கிப் போகும். அதனால் அவனை 20 அங்குலத்தில் எடுக்கச் சொன்னேன். குண்டின் வேகம் சற்றுக் குறையும், 300 மீட்டருக்குள் அதனால் கெடுதல் இல்லை.

கனத்தைக் குறைக்கிறேன் என்று பேரலைச் சுள்ளியாக்கி வைத்திருக்கிற ரைஃபிள்களும் உண்டு. மூன்று ரவுண்டு தொடர்ந்து சுட்டால் சூடேறிக் குண்டு விழுகிற இடம் நகர ஆரம்பிக்கும். வேட்டையில் ஒரு ரவுண்டு இரண்டு ரவுண்டுதான், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ரேஞ்சில் குறி சரிபார்க்கும்போது ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடுவே ஆற விட வேண்டும். அவசரப்பட்டுச் சுட்டுவிட்டு ஸ்கோப் கோணல் என்று திருகிக்கொண்டே இருக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கனத்தைக் குறைக்க வேண்டிய இடம் பட்தான். மரத்துக்குப் பதிலாக நல்ல செயற்கைப் பட் போட்டால் ஒரு கைப்பிடி குறையும், சுடுவதில் ஒன்றும் கெடாது.

பட்டின் நீளமும் ஆளுக்குத் தகுந்திருக்க வேண்டும். முழங்கையை மடக்கி, பட்டை அந்த மடக்கில் வைத்தால் ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிக்கரில் பட வேண்டும். நீளம் கூடினால் தோளில் ஓரமாக உட்காரும், குறைந்தால் ஸ்கோப் முகத்துக்குக் கிட்டே வரும். பொருந்தாத பட்டின் உதையைக் கிலோவைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது.

இரண்டு அளவுக்கு நடுவே சந்தேகம் வந்தால் லேசானதை எடுங்கள் என்பேன். பட்டுக்குள் ஈயக்குண்டைத் துணியில் பொதிந்து வைத்து 200 கிராம் கூட்டுவது அரைமணி நேர வேலை. கனமானதை வாங்கிவிட்டுக் குறைக்க வேண்டுமென்றால் பேரலையோ பட்டையோ மாற்ற வேண்டும், அது பணத்துக்குக் கேடு. எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் மறுபடி ரேஞ்சுக்குப் போய்க் குறியைப் பார்த்துவிட்டுத்தான் காட்டுக்குள் போக வேண்டும்.

இறங்குகிற கணக்கை மறந்துவிடாதீர்கள். ஒரு சிவப்பு மானை எலும்பு நீக்கி எடுத்தாலும் முப்பது கிலோவுக்கு மேல் முதுகில் ஏறும். ரைஃபிள் அதற்கு மேல்தான். நாங்கள் கடைசி நாள் 25 கிலோ அரிசி மூட்டையை அவன் முதுகில் கட்டி, குழாயையும் மாட்டிப் பொத்தையிலிருந்து இறங்கினோம். இரண்டு இடத்தில் உட்கார்ந்தான். "குழாய் தெரியவே இல்ல மாமா, மூட்டைதான் தெரியுது" என்றான். அதைக் கேட்ட பிறகுதான் 3.8 சரி என்று எனக்கு மனது ஒப்பியது.

பிப்ரவரியில் வாங்கினான். பலசரக்குக் கடைத் தராசு அங்கே ஏது, காய்கறி நிறுக்கிற கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் படம் அனுப்பினான். 3.81 காட்டியது. ஸ்லிங் கொஞ்சம் தடிப்பானதாக வாங்கியிருக்கிறான். மார்ச் கடைசியில், ஆண் மான்கள் கத்துகிற பருவம் தொடங்கும்போது மூன்று நாள் மலைக்குள் போய்விட்டு வந்து வீடியோவில் கூப்பிட்டான். நான் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா போனை என் கையிலிருந்து வாங்கி, முகத்தருகே வைத்து, அவன் வலது புருவத்தை உற்றுப் பார்த்தாள். பழைய தழும்பு மட்டும்தான் இருந்தது.